கீழறைக் குமிழ்

மாமியாரின் அறையைக் குளிரவைப்பதற்காகக் கீழ்த்தளத்து ஹீட்டிங் குமிழை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு மாடிக்குப் போய்ப் படுத்தான் கோர்மக். விடிந்து பார்த்தால் விறைத்துக் கிடந்தது அவன் மூக்குதான்.

முல்லிங்கார் ஊர் எல்லையில் கட்டிய புது வீடு. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. ஹீட்டிங்கில் மாடிக்குத் தனி, கீழ்த்தளத்துக்குத் தனி என்று இரண்டு பகுதிகள். கூடத்துச் சுவரில் சூட்டைக் கூட்டிக் குறைக்க இரண்டு திருகு குமிழ்கள். வீடு வாங்கும்போது கோர்மக்குக்கு மிகவும் பிடித்துப்போனவை அந்தக் குமிழ்கள்தான்.

கீழறையில் ஸ்நூக்கர் மேசை போடுவதாக இருந்தான். மேசை இன்னும் கடையில் இருக்கிறது. அறையில் டிம்ப்னா இருக்கிறார். மனைவி ஓர்லாவின் அம்மா. வார இறுதிக்கு என்று லீட்ரிமிலிருந்து வந்தவர். எந்த வார இறுதி என்று அப்போதே கேட்டு வைக்காதது கோர்மக்கின் தப்பு. இப்போது வெள்ளிக்கிழமை வீட்டுத் தரகர் வருகிறாராம், லீட்ரிம் வீட்டை விற்பது பற்றிப் பேச. அது விற்றுப்போனால் டிம்ப்னாவுக்குத் திரும்பிப் போக இடம் இருக்காது. வெள்ளிக்குள் இந்த வீடு அவருக்குக் கசந்தாக வேண்டும்.

கோர்மக் கெட்டவன் இல்லை. முகத்துக்கு நேரே போகச் சொல்லத் தைரியம் இல்லாத நல்லவன். அதனால்தான் குமிழ்.

காலையில் சமையலறைக்குப் போனால், டிம்ப்னா அரைக்கைச் சட்டையோடு ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார்.

“ராத்திரி குளிரா இருந்துச்சா டிம்ப்னா?” என்றான், ஆசையை மறைத்துக்கொண்டு.

“குளிரா? போர்வையைத் தூக்கிக் கீழ போட்டுட்டேன் கண்ணு. லீட்ரிம்ல கம்பளிச் சாக்ஸ் இல்லாம நான் தூங்கினதே இல்ல. நீ ஏன் தொப்பி போட்டுட்டு டீ குடிக்கற?”

கோர்மக் கூடத்துக்கு ஓடினான். குமிழ் அவன் வைத்த இடத்திலேயே இருந்தது. கம்பியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று அவனுக்குச் சட்டென்று புரிந்தது. கீழ்க் குமிழ் மாடிக்கு, மாடிக் குமிழ் கீழுக்கு! வீடு கட்டியவர்கள் மேல் அவனுக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம்தான். அன்று மாடிக் குமிழைத் தாழ்த்தி, கீழ்க் குமிழை உச்சத்துக்கு ஏற்றினான்.

மறுநாள் காலை மாடி ஜன்னலின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. கீழே டிம்ப்னா ஜன்னலைத் திறந்து வைத்து விசிறிக்கொண்டிருந்தார்.

நேராக வைத்தாலும் இப்படி, மாற்றி வைத்தாலும் இப்படி. கோர்மக்குக்குச் சந்தேகம் மெல்ல இடம் மாறியது. சுவர் திருட்டுத்தனம் செய்யாது. மனுஷர்தான் செய்வார்கள். அவன் தூங்கிய பிறகு இந்தம்மா எழுந்து வந்து திருகிவிட்டு, விடிவதற்குள் பழையபடி வைத்துவிடுகிறார்!

பென்சிலால் குமிழ்களில் அடையாளம் வைத்தான். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி, எச்சில் தொட்டுக் குறுக்கே ஒட்டினான். காலையில் பென்சில் கோடு பிசகவில்லை, முடியும் அசையவில்லை, மாடி மட்டும் முன்னைவிட ஜில்லிட்டிருந்தது. கைதேர்ந்த ஆள்தான் என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் கொக்கிகளில் தொங்கிய கோட்டுகளுக்குப் பின்னால் பதுங்கி, கீழறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். டிம்ப்னா பின்பக்கமாக வந்து தோளைத் தட்டினார்.

“இங்க என்ன கண்ணு தேடற?”

“பூ... பூனையை.”

“நம்ம வீட்டுல பூனையே இல்லையே?”

“அதான் தேடறேன்.”

அன்று இரவு ஓர்லா தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினாள்.

“எங்க போற?”

“மேல தாங்கல கோர்மக். நான் அம்மாகூடப் படுத்துக்கறேன்.”

“அப்ப நான்?”

“உனக்கு வெந்நீர்ப் பை வெச்சிருக்கேன். கட்டிப் பிடிச்சுக்கோ.”

அழுகை வந்துவிட்டது அவனுக்கு. ஸ்நூக்கர் மேசை போனது, மாமியார் வந்தது, இப்போது கட்டிய மனைவியும் அந்தப் பக்கம் போய்விட்டாள். இனி குமிழை நம்பிப் பயனில்லை. துணி உலர்த்தும் அலமாரிக்குள் தலையை நுழைத்தான். அங்கேதான் இரண்டு பகுதிகளுக்கும் வெந்நீரைப் பிரித்துவிடும் வால்வுகள் இருந்தன. கீழ்த்தள வால்வைக் கையாலேயே மூடிவிட்டால் கதை முடிந்தது. நெம்புகோலைப் பிடித்து ஓர் அழுத்து. டக்கென்று கையோடு வந்துவிட்டது. அது மாடி வால்வு. மூடிய நிலையில் இறுகிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலை கோட், கையுறை, இரண்டு கழுத்துத் துண்டு சகிதம் வந்து உட்கார்ந்த மருமகனைப் பார்த்து டிம்ப்னாவுக்குக் கண் கலங்கியது.

“தரகர் வந்தா யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிடலாம்னு இருந்தேன். இனி யோசிக்க என்ன இருக்கு? இந்தக் குளிர்ல புள்ளைங்க கஷ்டப்படறப்போ நான் மட்டும் லீட்ரிம்ல போய் உக்காந்தா மனசு கேக்குமா? கூடவே இருந்து பாத்துக்கறேன்.”

“ஐயோ, அதெல்லாம் வேணாம்!”

“பாத்தியா ஓர்லா, எவ்வளவு பெருந்தன்மைன்னு!”

தரகர் வந்தார். அவர் பின்னாலேயே மாலக்கியும் வந்தான். இந்தக் குடியிருப்பு முழுவதற்கும் ஹீட்டிங் பொருத்தியவன் அவன்தான். ஓர்லா போன் செய்து வரவழைத்திருந்தாள். வால்வைப் பார்த்தான், உடைந்த நெம்புகோலைப் பார்த்தான், கோர்மக்கைப் பார்த்தான். புதியதைப் பொருத்தினான். சமையலறையில் தரகரும் பெண்களும் விலை பேசிச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கோர்மக் அவன் கையைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்து வந்தான். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால் ஒருவேளை அவமானத்திலாவது டிம்ப்னா பெட்டியைக் கட்டலாம்.

“மாலக்கி, என் வீட்டு ஹீட்டிங்ல யாரோ கை வெக்கறாங்க. நான் எப்படித் திருகினாலும் நேர்மாறா ஆகுது. யார்னு எனக்குத் தெரியும். உங்க வாயால சொல்லுங்க, போதும்.”

“எதைத் திருகினீங்க பாஸ்?”

“இதோ, இதைத்தான்!”

மாலக்கி இரண்டு குமிழ்களையும் பார்த்தான். பிறகு, கழுத்துத் துண்டுக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த சிவந்த மூக்கைப் பார்த்தான்.

“உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன் பாஸ்? வீடு கட்டறப்பவே உங்க மிஸஸ் சொல்லிட்டாங்களே: ‘எங்கம்மா இங்கயேதான் வந்து இருக்கப் போறாங்க, கன்ட்ரோல் மொத்தமும் என் போன்ல இருக்கட்டும், அவர் திருகிக்கிட்டிருக்கறதுக்குச் செவுத்துல சும்மா ரெண்டு குமிழ் ஒட்டி விட்டுடுங்க’ன்னு.”