நூற்றுக்கு நூறு வாங்கிய ஒன்பது பொடிகள்

பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் சந்தோஷப்படலாம். ஆராய்ச்சியில் வாங்கினால் பயப்பட வேண்டும். எனக்குப் பயப்படத் தெரியவில்லை.

அப்போது பெங்களூரில் முனைவர் பட்ட மாணவி நான். பச்சைப் பாலில் ஒரு நொதி (அதாங்க, என்சைம்) இருக்கிறது. யூரிக் அமிலத்தை உண்டாக்கும் வேலை அதனுடையது. நம் உடம்பிலும் அதன் பங்காளி உண்டு. அமிலம் கூடினால் கால் கட்டைவிரல் வீங்கும். எங்கள் அப்பாவுக்கு வீங்கியது. நான் தயாரித்த ஒன்பது பொடிகளில் எது அந்த நொதியை அடக்கும் என்று பார்க்க வேண்டும். ஒன்றாவது தேறாவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் என் கைடு சார்.

பழைய நொதி தீர்ந்துபோகவே, சனிக்கிழமை லிங்கராஜபுரத்தில் மாடு வைத்திருப்பவரிடம் பால் வாங்கி வீட்டு ஃப்ரிட்ஜில் வைத்தேன். திங்கட்கிழமை லேபில் நொதியைப் பிரித்துச் சோதித்தால், ஒன்பது பொடியும் அதை அடியோடு நிறுத்திவிட்டன! பொடி போடாத குழாயையும் சோதிப்பதுதான் முறை. (போன வாரம்தானே செய்தோம் என்று விட்டுவிட்டேன். கொழுப்பு!)

அம்மாவுக்கு போன் போட்டேன். அம்மா அன்று சாயங்காலமே ஜெபக்கூட்டத்தில், மகள் மருந்து கண்டுபிடித்துவிட்டாள் என்று சாட்சி சொல்லிவிட்டார். மறுநாள் காலை வீங்கிய கால்களோடு நாலு பேர் வாசலில் நின்றார்கள்.

"எப்பம்மா மாத்திர கெடைக்கும்?"

புதன்கிழமை சாரிடம் முடிவுகளைக் காட்டினேன். கன்னடக்காரர், அதிகம் பேச மாட்டார். பொடிக்குப் பதிலாக வெறும் தண்ணீரை ஊற்றிச் சோதித்தார். அதிலும் நொதி அசையவில்லை.

"ஏனம்மா இது, என்ன இது? தண்ணியும் மருந்தா?"

தண்ணீரை மாற்றினேன், குழாயை மாற்றினேன், மிஷினைத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் புலம்பினேன்.

"எந்தப் பாலு? பாட்டில்ல வெச்சிருந்தியே, அதா?"

"ஆமா."

"பச்சப் பால அப்படியே விட்டா திரிஞ்சி போவாதா? நான்தான் காச்சி, ஆற வெச்சி, ஆடைய எடுத்துட்டு, திரும்ப அதே பாட்டில்ல ஊத்தி வெச்சேன். ஒரு தேங்க்ஸ் சொன்னியா நீ?"

காய்ச்சினால் நொதி செத்துவிடும். செத்த பாம்பை ஒன்பது தடவை அடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்திருக்கிறேன். வெட்கத்தில் இரண்டு நாள் லேப் பக்கமே போகவில்லை.

மறுபடி ஒழுங்காகச் செய்தபோது ஒரே ஒரு பொடி, அதுவும் அரைமனதாக, நொதியை அடக்கியது. தலைப்பு பிழைத்தது, பட்டமும் வந்தது. அப்பாவை டாக்டர் நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லியிருக்கிறார். இன்றைக்கும் யார் விருந்தாளியாக வந்தாலும் அவர்கள் எதிரில் டம்ளரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொல்கிறார்:

"ஒரு நிமிஷம் இருங்க, எம் பொண்ணு கண்டுபிடிச்ச மருந்தக் குடிச்சிடறேன்."