கூட்டுக் கணக்கில் விழுந்த வட்டி

வட்டி என்பது வங்கி மனம் குளிர்ந்து கொடுக்கும் சீர் என்று உலகம் நம்புகிறது. மகத்தான பிழை. ஆஸ்திரேலியாவில் சேமிப்பு வட்டியும் சம்பளத்தைப் போல வருமானம்தான். ஒரு டாலர் வந்தாலும் கணக்குக் காட்டியாக வேண்டும். கூட்டுக் கணக்கு என்றால், வேறு ஆதாரம் இல்லாதவரை, ஆளுக்குப் பாதி. நாட்டை விட்டு வந்தவர் வங்கியிடம் சொல்லிவிட்டால், வங்கியே நூற்றுக்குப் பத்தைப் பிடித்துக்கொள்ளும். அதோடு வரி தீர்ந்தது.

இதை யாங்கோனின் தின்கன்ஜூன் பேட்டைத் தேநீர்க் கடையில் கேளாதவர்களுக்கும் விளக்கி வந்தவர் விநாயகமூர்த்தி. பெர்த் நகரில் ஒரு ரொட்டி ஆலையில் ஒன்பது வருஷம் உழைத்து, மனைவி பவானியோடு ஊர் திரும்பியவர். பணம் மட்டும் திரும்பவில்லை. இருவர் பெயரிலும் அங்கேயே குடியிருந்தது.

இந்த வருஷ வட்டியில், முதுகு பிடித்துவிடும் மசாஜ் நாற்காலி வாங்குவதென்று அவர் தீர்மானித்தார். இமயமே எதிரே வந்தாலும் அசையாத தீர்மானம். இமயம் வரவில்லை. பவானி வந்தாள்.

“ஏங்க, மீ வர்றதே ஒரு நாளைக்கு நாலு மணி நேரம். நாற்காலி எந்த மீயில ஓடும்?” மின்சாரத்துக்கு அந்த ஊரில் மீ என்று பெயர்.

“வர்றப்ப உக்காந்துக்குவேன்.”

“வர்றப்ப மோட்டார் போடணும், சோறு ஆக்கணும், போன் சார்ஜ் ஏத்தணும். நடுவுல நீங்க வேற குலுங்கிக்கிட்டு இருக்கப் போறீங்களா? சோலாரும் பேட்டரியும் வாங்குங்க.”

“அது என் வட்டி, பவானி. மாவு மூட்டை தூக்கினது நான். முதுகு போனது எனக்கு.”

“முழுசும் உங்களுதா?”

“சல்லிக்காசு வரைக்கும்.”

பவானி முகத்தில் பூசும் தனாக்கா கட்டையைக் கல்லில் இழைப்பதை நிறுத்தவில்லை. அவர் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

“அங்க இருந்தப்ப வருஷா வருஷம் வரிக் கணக்குக் குடுத்தீங்களே, அதுல வட்டியை எப்படிப் போட்டீங்க?”

“பாதி எனக்கு, பாதி உனக்கு. உனக்குத்தான் வேலை கிடையாதே, உன் பாதிக்கு வரியே விழாது. மூளைன்னா அது!”

“அப்ப பாதி என்னுதுன்னு கவர்மெண்டுகிட்ட சொல்லியிருக்கீங்க.”

“அது… கவர்மெண்டுக்காகச் சொன்னது.”

“பொய்யா?”

“சேச்சே!”

“பொய்னா சொல்லிடுங்க. தமிழரசி பெர்த்லதானே இருக்கா. ‘உங்கப்பா தப்பாக் காட்டிட்டாரும்மா, முழு வட்டியும் அவருதாம், பாக்கி வரியைக் கட்டிடறாராம்’னு சொல்றேன். மக பாத்துக்குவா.”

போன் ஏற்கெனவே அவள் கையில் இருந்தது.

“பொய் இல்ல பவானி! சத்தியமாப் பாதி உன்னுது!”

“ஒன்பது வருஷமும்?”

“ஒன்பது வருஷமும்.”

“அந்தப் பாதியெல்லாம் எங்கங்க?”

தேநீர்க் கடையில் யாரும் இவ்வளவு தூரம் கேட்டதில்லை. ஒரு கேமரா, ஒரு தொலைநோக்கி, இதுவரை மீன் எதையும் துன்புறுத்தாத மூன்று தூண்டில்கள் ஆகியவை விநாயகமூர்த்தியின் மனக்கண்ணில் வரிசையாக வந்து நின்றன.

“சரி விடுங்க. வட்டிக்கு வட்டி கேக்க மாட்டேன். இந்த வருஷத்துது முழுசா எனக்கு. மிச்சத்தை வர்ற வருஷங்கள்ல கழிச்சுக்கலாம்.”

“அப்ப நாற்காலி?”

“சமையல்கட்டுல ஒண்ணு சும்மாத்தான் கிடக்கு.”

சனிக்கிழமை பேட்டரி வந்தது. கடைக்காரர்கள் அதைத் தெருவாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். அங்கிருந்து நான்காம் மாடி வீட்டுக்கு அது விநாயகமூர்த்தியின் முதுகில் ஏறியது.