உப்புப் பானையைக் கவிழ்த்த நியாயம்

பாகூர், 1930 மே மாதம்.

கிருமாம்பாக்கம் மைத்துனன் சிங்காரவேலுவுக்கு, உன் அக்காள் புருஷன் சுப்புராயன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் பசுமாடும் சுகம். நீயும் பிள்ளைகளும் ஒரு குறைவுமில்லாமல் இருக்க வேண்டும். அங்கே வந்திருக்கும் உன் அக்காள் கனகாம்பாளின் சுகத்தை நான் விசாரிக்கவில்லை. உன் வீட்டில் உப்பு இருக்கிறது; சுகமாகத்தான் இருப்பாள்.

அவள் தன் பக்கத்தைச் சொல்லியிருப்பாள். என் பக்கம் இது. வில்லியனூர்ச் சந்தையில் உடம்பைப் பற்றிய புத்தகம் ஒன்று வாங்கி, யார் தயவும் இல்லாமல் நானே படித்தேன். நம் உடம்பு நாலு வகை நெசவாம். திசு என்று பெயர். மேலே மூடுவது ஒன்று, இணைத்துத் தாங்குவது ஒன்று, சுருங்கி விரியும் தசை ஒன்று, சேதி கொண்டுபோகும் நரம்பு ஒன்று. எலும்பும் ரத்தமும் இணைக்கும் வகையில் சேர்த்தி என்று இவளுக்கு எடுத்துச் சொன்னால், "அப்ப எலும்பு இன்னாத்துக்கு ஒழுகல?" என்கிறாள். அதையும் பொறுத்துக்கொண்டு மேலே வாசித்தேன். உடம்பு தன் சூட்டையும் நீரையும் உப்பையும் தானே அளவோடு வைத்துக்கொள்கிறது என்று போட்டிருந்தது. ஏரி மதகை மடைக்காரன் பார்த்துக்கொள்ளும்போது நாம் போய்க் கை வைக்கலாமா? உப்புப் பானையைத் தூக்கி மாட்டுத் தொட்டியில் கவிழ்த்தேன். இனி கஞ்சியிலும் குழம்பிலும் உப்பு கிடையாது என்றேன். அவள் தெருவே கேட்கும்படி, "எல்லைக்கு அந்தாண்ட இங்கிலீஷ்காரன் சீமையில ஒரு பிடி உப்புக்காக ஜெயிலுக்குப் போறாங்க, இங்க இவரு இருக்கிறதையும் மாட்டுக்குக் கொட்றாரு! மடைக்காரன் இருந்தா ஆச்சா? ஏரிக்குத் தண்ணி வர வேணாமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வண்டி ஏறிவிட்டாள். என்னிடம் பதில் இருந்தது.

பிறகு நடந்ததை ஊரார் பெரிதாக்குவார்கள், நம்பாதே. உப்பில்லாக் கஞ்சியோடு போய்க் கரும்புக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தேன். வியர்வை கொட்டியது. கெண்டைக்கால் சதை முடிச்சுப் போட்டு இழுத்தது. வாய்க்காலில் உட்கார்ந்தேன். விழவில்லை, உட்கார்ந்தேன். முகம் கீழே இருந்தது என்பது வேறு விஷயம். கூட வேலை பார்த்த ஆரோக்கியம் ஓடிவந்து, நீராகாரத்தில் கல்லுப்பைக் கரைத்து, "வாயத் தொறங்க பெரியவரே! புஸ்தகக்காரன் வந்தா நான் பேசிக்கிறேன்" என்று புகட்டினான். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடந்தேன். குடித்தது உண்மை, எழுந்ததும் உண்மை. குடித்ததால்தான் எழுந்தேன் என்பதற்குச் சாட்சி இல்லை.

நியாயம் என் பக்கம். ஆகவே அவளை நான் அழைக்கப் போவதில்லை. ஆனால் அடுத்த பாடம் ஈரலைப் பற்றியது. உரக்கப் படித்தாலும் குறுக்கே கேள்வி கேட்க ஆளில்லாததால் ஒரு வரியும் மனசில் நிற்கவில்லை. நீயாகவே வண்டி பூட்டி அனுப்பிவைத்தால், பெரிய மனசு பண்ணி ஒன்றும் சொல்லமாட்டேன்.

உன் நிலம் விளையட்டும், பிள்ளைகளை நோய்நொடி அண்டாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
சுப்புராயன்

பின்குறிப்பு: வண்டி பூட்ட வேண்டாம். கடிதம் கொண்டுவர ஆள் கிடைக்காமல் நானே எடுத்துவந்து, உன் வாசல் புங்கமரத்தடியில் நின்று இதைப் பென்சிலால் எழுதுகிறேன். உன் அக்காள் பார்த்துவிட்டாள். "இன்னா, வெயில்ல நின்னு கிறுக்கிக்கினு இருக்கீங்க? உள்ள வாங்க, சோறு போட்டாச்சி" என்கிறாள். போகிறேன். சோற்றில் என்ன போட்டாள் என்று கேட்கமாட்டேன்.