கயிற்றை விட்டுக் கைதட்டியவர்கள்

ஒருவரை ஒருமுறை வரவேற்றால் அது மரியாதை. அவரையே மறுபடியும் மறுபடியும் வரவேற்றால், அவர் இன்னும் வந்து சேரவில்லை என்று ஊருக்கு அறிவிக்கிறோம். இதை நான் எந்த நூலிலும் படித்து அறியவில்லை. என் தந்தையின் கரைவலையைக் கெடுத்து, ஏராளமான மீன்களுக்கு மறுவாழ்வு அளித்து, ஊரார் முன்னிலையில் அறிந்துகொண்டேன்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் திட்டில், கலங்கரை விளக்கத்தை ஒட்டிய குப்பம் எங்களுடையது. அங்கிருந்து சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை படிக்கப் போனேன். போன வேகத்தில், வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் மாணவர்களுக்கான வரவேற்புக் குழுவின் செயலாளரும் ஆனேன். (போட்டியின்றித் தேர்வு. போட்டியிட வேறு எவருக்கும் நேரமில்லை.) 'அனைவரும் நம்மவர்' என்பது குழுவின் முழக்கம். அதை இயற்றியவளும் நானே என்பதை இங்கே அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

நாகாலாந்திலிருந்து இளங்கலை படிக்க வந்திருந்த அசென்லா எங்கள் குழுவின் பெருமை. எந்த விழாவானாலும் அவளுக்கு முன்வரிசை, பூங்கொத்து, மேடையில் ஒரு நிமிடம். அவளுடைய ஊர்ச் சால்வையைப் போர்த்திக்கொண்டு வரச் சொல்வோம். புகைப்படத்தில் நடுவில் நிறுத்துவோம். நிகழ்ச்சி முடிந்ததும் நாங்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே அரட்டை அடிப்போம். அவள் ஒரு நாற்காலியைத் தூக்க வந்தால், "நீ உட்காரும்மா, நீ விருந்தாளி" என்று பிடுங்கி வைப்போம். அந்தப் பிடுங்கலை நான் அன்பு என்றே நம்பியிருந்தேன்.

அவளுடைய இரண்டாம் ஆண்டு முடியும் தறுவாயில், இன்னுமொரு பூங்கொத்தோடு அவள் அறை வாசலில் நின்றேன். விடுதிச் சமையற்கட்டில் கற்ற தமிழில் அவள் சொன்னாள்: "அக்கா, நான் வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இன்னும் எத்தன தடவ என்னை வெல்கம் பண்ணுவீங்க?"

பின்னால் கட்டிலின் மேல் பெட்டி திறந்து கிடந்தது. தேர்வு முடிந்ததும் ஊருக்குப் போவதாகவும், மூன்றாம் ஆண்டை அங்கேயே ஒரு கல்லூரியில் தொடர அண்ணன் விசாரித்துக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் சமாதானமாவது செய்திருக்கலாம்.

அவளைத் தக்கவைக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, நம்ப மாட்டீர்கள், இன்னும் பெரிய ஒரு வரவேற்பு. குழுவின் மாணவர்கள் அனைவரையும் எங்கள் குப்பத்துக்கு அழைத்துச் செல்வது. கரைவலை இழுக்க வைப்பது. அலைகளின் முன்னிலையில் 'அனைவரும் நம்மவர்' என்று நான் உரையாற்றுவது.

நைனாவிடம் கேட்டேன். (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் அழைப்போம். ஆந்திரம் கூப்பிடு தூரம்.) அவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் கரைவலைக்கு ஒரு முறை உண்டு. படகு வலையைக் கடலில் அரைவட்டமாக வளைத்து விட்டு வரும். அதன் இரு முனைக் கயிறுகளையும் கரையில் நின்று இரண்டு கூட்டம் சம வேகத்தில் இழுக்க வேண்டும். நடுவில் மீன் சேரும் பையான மடி மணலைத் தொடும்வரை கயிற்றில் கை வைத்திருந்தவர் எவரானாலும் அவருக்கு மீனில் பங்கு உண்டு. உறவா, அந்நியரா என்ற கேள்வி கிடையாது. இடையில் விட்டவர் சொந்த மகளானாலும் பங்கு கிடையாது. "வர்ற புள்ளைங்க கிட்ட இத்தச் சொல்லிடு பாப்பா" என்றார் நைனா. நான் சொல்லவில்லை. உரையில் அதற்கு இடமில்லாமல் போயிற்று.

பொன்னேரி வரை மின்ரயில், பிறகு பேருந்து, ஏரிப் பாலத்துக்கு அப்பால் ஷேர் ஆட்டோ. எல்லோரிலும் கடைசியாக அசென்லா இறங்கினாள். போகும் முன் ஒரு நாள் கடலைப் பார்த்துவிடலாம் என்றுதான் வந்தேன் என்று என்னிடம் வெளிப்படையாகவே சொன்னாள். குப்பத்து முகப்பில் 'வருக! வருக!' என்று ஒரு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தேன். அதைப் பார்த்ததும் அவள் முகம் எப்படிப் போயிற்று என்பதை நான் கவனிக்கவில்லை. எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வலை இறங்கிற்று. தெற்குக் கயிற்றை, மீன் விற்கும் என் அத்தை உட்பட ஊரார் பிடித்தார்கள். வடக்குக் கயிற்றில் மாணவர்களுக்கு இடையிடையே ஊர் ஆட்களையும் நைனா நிறுத்தியிருந்தார். இங்கேதான் என் அறிவு விழித்தது. முண்டா பனியன் அணிந்த மாமாக்கள் மாணவர்களின் முகங்களை மறைத்தார்கள். புகைப்படத்துக்கு அது ஒவ்வாது. நைனா தெற்கே போன சமயம் பார்த்து, மாமாக்களைப் பணிவோடு விலகச் சொன்னேன். படித்த பெண் சொல்கிறாளே என்று அவர்களும் விலகி நின்று பீடி பற்றவைத்தார்கள்.

நல்ல மீன்பாடு அன்றைக்கு. வலைக்குள் மீன் துள்ளுவது கரையிலிருந்தே தெரிந்தது. மாணவர்களும் மூச்சிரைக்க, ஆனால் ஒழுங்காகவே இழுத்தார்கள். அவர்களை அப்படியே விட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் நேர்ந்திராது. நான் கரையில் கிடந்த ஒரு படகின் மேல் ஏறினேன். பேசினேன். "பல நதிகள் சேரும் கடல்போல்" என்றேன். (எங்கள் ஊரில் சேர்வது ஓர் ஏரிதான்.) "இந்தக் கயிற்றைப் பாருங்கள், பல இழைகள், ஒரே வலிமை" என்றேன். கடைசியில் கையை உயர்த்தி, "அனைவரும் நம்மவர்!" என்று முழங்கினேன்.

குழுவின் மாணவர்கள் நாகரிகம் அறிந்தவர்கள். உரை முடிந்தால் கைதட்ட வேண்டும் என்பதை நான்தான் அவர்களுக்குப் பழக்கியிருந்தேன். அனைவரும் ஒரே சமயத்தில் கைதட்டினார்கள்.

கைதட்ட இரண்டு கைகளும் வேண்டும்.

வடக்குக் கயிறு பாம்புபோல் கடலுக்குள் ஓடியது. மிதவைகள் சாய்ந்தன. வலையின் வடக்குச் சிறகு மடிந்து ஒரு வாசல் திறந்தது. உள்ளே இருந்த மீன்கள், கூட்டம் முடிந்து கலையும் பொதுமக்களைப் போல நெரிசலின்றி வெளியேறின. நைனா தெற்கிலிருந்து ஓடி வருவதையும், மாமாக்கள் பீடியை எறிவதையும் படகின் மேலிருந்து பார்த்தேன். என் கை அப்போதும் உயர்ந்தே இருந்தது.

அதன் பிறகுதான் அசென்லாவைக் கண்டேன். அவள் கயிற்றை விட்டிருக்கவில்லை. கயிறு அவளை முகம் குப்புற மணலில் இழுத்துப் போய், இடுப்பளவு நீரில் சேர்த்திருந்தது. அலை ஒன்று தலைக்கு மேல் போயிற்று. வெளிப்பட்டபோதும் கயிறு அவள் கையிலேயே இருந்தது. நைனாவும் மாமாக்களும் பாய்ந்து அவளுக்குப் பின்னால் கயிற்றைப் பற்றினார்கள். எஞ்சியதைக் கரை சேர்த்தார்கள்.

மடியில் கொஞ்சம் காரப்பொடி மீன், சில நண்டுகள், தின்ன உதவாத சொறி மீன் நிறைய, ஒற்றைச் செருப்பு. மீன் விற்கப் போக வேண்டிய அத்தை கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்தார். "இன்னா பேச்சுப்பா உன் பொண்ணு பேசுச்சு. மீனே எயுந்து பூடுச்சு" என்று நைனாவிடம் சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. அன்றைய அடுப்புகள் பல அந்த வலையை நம்பியிருந்தன என்பதை, அந்த ஊரில் பிறந்த நான் அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன்.

நைனா இருந்ததைக் கூறு கூறாக மணலில் பிரித்தார். தெற்குக் கயிற்றுக்காரர்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டார்கள். மாமாக்களும் கைநீட்டவில்லை, அவர்களும் கயிறு விட்டவர்கள்தாம். பிறகு நைனா தலைநிமிர்ந்து, "அந்தக் கயிறு உடாத பொண்ணு எங்க? வாம்மா" என்றார்.

அசென்லா வந்தாள். உள்ளங்கைகள் உரிந்து சிவந்திருந்தன. நான் பதறி, "நீ ஏம்மா விடல?" என்று கேட்டேன். அவள் வாயிலிருந்த மணலைத் துப்பினாள்.

"எல்லாரும் கை தட்டத்தான் விட்டாங்க. நான் உங்க பேச்சுக்கு எப்பவும் கை தட்டறதில்ல அக்கா."

இரண்டு ஆண்டுகளாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவளின் கைகளை நான் ஒருமுறையும் கவனித்ததில்லை.

அவள் தன் கூறின் முன் குந்தி உட்கார்ந்தாள். அத்தையின் கூறைப் பார்த்தாள். மறுபடி தன்னுடையதைப் பார்த்தாள். பிறகு நைனாவை நோக்கி, "அவங்களுக்கு ரெண்டு நண்டு. எனக்கு ஒண்ணுதான் இருக்கு" என்றாள்.

நான் குறுக்கே புகுந்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அத்தை முந்திக்கொண்டார். "தோடா, பங்குக்குச் சண்டைக்கு வருது பாரு. நான் பொறந்ததுலேர்ந்து கயிறு வலிக்கிற கிழவிம்மே."

"நான் தண்ணி குடிச்சேன்" என்றாள் அசென்லா.

கடற்கரையில் அன்று எழுந்த முதல் சிரிப்பு அது. நைனா தம் கூறிலிருந்து ஒரு நண்டை எடுத்து அவளுடையதில் போட்டார். பூங்கொத்தை வாங்கும்போது அவள் எப்போதும் நன்றி சொல்வாள். நண்டுக்குச் சொல்லவில்லை. அதன் கால்களை எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

மீனை எடுத்துப் போகப் பை இல்லை. முகப்பிலிருந்த ஃப்ளெக்ஸை அவிழ்த்து அதில் சுற்றிக் கட்டினோம். மின்ரயிலில் 'வருக' என்ற எழுத்துக்குள்ளிருந்து நீர் சொட்டியது. பெட்டியில் எங்களுக்குத் தாராளமாக இடம் கிடைத்தது.

தேர்வு முடிந்து அசென்லா ஊருக்குப் போனாள். நான் எதுவும் பேசவில்லை. பேச்சின் பலனைப் பார்த்தாயிற்று. விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திறந்தபோது அவள் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி வரப்போவது எனக்கு முன்பே நைனாவுக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்த பெரிய வலை எப்போது என்று ஊரிலிருந்தே அவருக்குப் போன் செய்திருக்கிறாள். என்னால்தான் திரும்பினாள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. என்னையும் மீறித் திரும்பினாள் என்பதே சரி.

இன்று நான் ஒரு கல்லூரியில் மாணவர் நலப் பணியில் இருக்கிறேன். தொலைவிலிருந்து வரும் புதிய மாணவரிடம் பூங்கொத்து நீட்டுவதில்லை. மேசையின் மறு முனையைக் கொஞ்சம் பிடிக்க முடியுமா என்று கேட்கிறேன். குப்பத்தில் என் நிலைமை வேறு. வலை இறங்கும்போது நான் கரைக்குப் போனால் எல்லோருடைய செருப்புகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தரப்படுகிறது. வீட்டில் எவராவது இரண்டு வாக்கியங்களுக்கு மேல் தொடர்ந்து பேசினால், "கயித்தக் கெட்டியா புடிச்சுக்கோ" என்பார் நைனா.

என் திருமணத்துக்கு மறுநாள் குப்பத்தில் விருந்து. வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எழுந்தேன். மிகச் சுருக்கமாகவே சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். அசென்லா மட்டும் தட்டவில்லை. மீன் குழம்பு அண்டாவின் ஒரு காது அவள் கையிலும், மறு காது அத்தையின் கையிலும் இருந்தன.