முப்பத்தாறு குதிரைகளைக் காணவில்லை

முப்பது வயது தாண்டிய வண்டிகளின் நாணயத்தைச் சந்தேகிக்க வேண்டியது அவசியம் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அதன்படி எங்கள் தெருக் கண்ணாடிக்கடைக்காரருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் மூக்குக் கண்ணாடி விற்கிறவர். சிவப்பு நிறத்தில், இரண்டே பேர் உட்காருகிற மாதிரி, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது.

"மேற்படி வாகனம் பதிவுப் புத்தகத்தில் கண்ட திறனுடன் இயங்குவதை முப்பது நாட்களுக்குள் மெய்ப்பிக்கத் தவறினால், அது நசுக்கப்பட்டு, உரியவரிடம் கட்டியாக ஒப்படைக்கப்படும்" என்றது கடிதம். கட்டியையாவது திருப்பித் தருகிறார்களே, அந்தப் பெருந்தன்மையை யார் பாராட்டுகிறார்கள்?

கண்ணாடிக்கடைக்காரர் பாராட்டவில்லை. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. நாள் முழுக்க அடுத்தவர் கண்ணையே பார்த்து உட்கார்ந்திருக்கும் மனிதர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் அந்தக் காரில் ஒரு சுற்றுப் போய்வருவார். அதில் ஏற வேண்டுமென்றால் முதுகை மூன்றாக மடிக்க வேண்டும். ஆனாலும் இறங்கி வரும்போது ஆள் ஒரு விரற்கடை வளர்ந்துதான் வருவார்.

"கட்டியா குடுத்தா வாங்கிட்டு வாங்க. கொல்லைக் கதவுக்கு முட்டுக் குடுக்கலாம்" என்றாள் அவர் மனைவி. அவளை ஒருநாள் கூட அந்தக் கார் சிரமமில்லாமல் உட்கார விட்டதில்லை. அதனால்தான் பக்கத்து இருக்கை எனக்கு வாய்த்தது.

இரண்டு பேரும் கடிதம் அனுப்பிய வண்டிப் பதிவு ஆபீசுக்குப் போனோம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினார். அதில் 'விளையாட்டு வாகனம்' என்று எழுதியிருந்தது.

"என்ன விளையாட்டு?"

"விளையாட்டு இல்ல சார். ஸ்போர்ட்ஸ் கார்."

"அதத்தான் நானும் கேக்கிறேன். பந்தா, ஓட்டமா?"

கண்ணாடிக்கடைக்காரர் என்னைப் பார்த்தார். "ஓட்டம்னு வெச்சுக்குங்க சார்" என்றேன் நான். குமாஸ்தா திருப்தியோடு எழுதிக்கொண்டார்.

ஆபீசுக்குப் பின்னால் இருந்த சோதனைக் கொட்டகையில் தரைக்குள் இரண்டு இரும்பு உருளைகள் பதித்திருந்தார்கள். பின்சக்கரத்தை அதன்மேல் நிறுத்தி ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், வண்டி நின்ற இடத்திலேயே ஓடும். சுவரில் இருக்கிற முள் எத்தனை குதிரைத் திறன் என்று காட்டும். கண்ணாடிக்கடைக்காரர் மிதித்தார். வண்டி இருமியது, கனைத்தது. முள் எண்பத்துநாலில் நின்றது.

"புத்தகத்துல நூத்திருபது குதிரை இருக்கு. இங்க எம்பத்துநாலுதான் நிக்குது. மீதி முப்பத்தாறு எங்க?" என்றார் குமாஸ்தா.

"வயசாச்சு சார். பவர் குறைஞ்சிருக்கும்."

"குதிரைக்கு வயசானா கிழட்டுக் குதிரை ஆகும். எண்ணிக்கை எப்படிக் குறையும்? வித்துட்டீங்களா?"

"ஐயோ, இல்ல சார்."

"அப்போ தொலைஞ்சிருக்கு. தொலைஞ்சதுன்னு போலீஸ்ல ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. எம்பத்துநாலுன்னு திருத்திக் குடுத்துடறேன். சட்டத்துல இடம் இருக்கு."

சட்டத்தில் இடம் இருக்கும்போது நாம் ஏன் நிற்க வேண்டும்? ஸ்டேஷனுக்குப் போனோம். ஏட்டு நல்ல மனிதர், உட்காரச் சொன்னார்.

"என்ன தொலைஞ்சது?"

"முப்பத்தாறு குதிரைங்க."

ஏட்டு நிமிர்ந்தார். ஒரு ஆட்டுக்குட்டிக்கு மேல் அவர் கைக்கு வழக்கு வந்ததில்லை. ஆர்வமாகப் புதுத் தாளை எடுத்தார். "என்ன நிறம்?"

"தெரியாதுங்க."

"உயரம்?"

"நான் பார்த்ததில்லைங்க."

"பார்க்காத குதிரை காணாமப் போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஆபீஸ்ல சொன்னாங்க."

"அப்ப ஆபீஸ்தான் கடைசியா பார்த்திருக்கு. அவங்களயே வந்து எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்று தாளைத் திரும்ப உள்ளே வைத்தார். அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்தது. இந்த மாதிரி இடங்களில் எல்லாரிடமும் ஒவ்வொரு நியாயம் இருக்கும். நம்மிடம்தான் இருக்காது.

குறைந்ததைக் குறைந்தது என்று சொல்ல வழியில்லாததால், ஏற்றிக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை என்று ஆயிற்று. வண்டியலங்காரக் கடைக்காரன் ஒருவன் பின்னால் பெரிய வால் ஒன்று மாட்டச் சொன்னான். இப்போது ஊரெல்லாம் அதுதான் மோஸ்தராம். மாட்டினால் பத்துக் குதிரை ஏறுமாம்.

கண்ணாடிக்கடைக்காரரின் மச்சினனுக்கு மெக்கானிக் வேலை. அவன் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "வால் வெச்சா குதிரை ஏறாது மாமா. ஈதான் ஓட்டலாம். வண்டிய என்கிட்ட விடுங்க."

விட்டார். மச்சினன் என்ஜினை உரித்துப் போட்டான். உள்ளே அப்பியிருந்த முப்பது வருஷக் கரியைச் சுரண்டினான். வால்வுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பொருத்தினான். என்ஜின் மூடியின் அடியை மயிரிழை அளவு சீவினான். கார்புரேட்டரை மாற்றிப் பெரிசாக ஒன்று வைத்தான், புகைக்குழாயை அகலமாக்கினான். இருபத்துநான்கு நாள் ஆயிற்று. கண்ணாடிக்கடைக்காரர் மத்தியானச் சாப்பாட்டைப் பட்டறையிலேயே வைத்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில எங்கம்மா படுத்திருந்தப்போ இந்த மனுஷன் இப்படி உக்காரலையே" என்றாள் அவர் மனைவி. அவள் சொன்னதில் பொய்யில்லை.

இருபத்தொன்பதாம் நாள் மறுபடி உருளைமேல் ஏற்றினோம். மிதித்ததும் கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. முள் நூற்று இருபதைத் தொட்டது, தாண்டியது, நூற்று முப்பத்தொன்றில் போய் நின்றது. கண்ணாடிக்கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

குமாஸ்தாவுக்கு முகம் கறுத்துவிட்டது. உள்ளே போய் அதிகாரியை அழைத்து வந்தார். அதிகாரி முள்ளைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், எங்களையும் பார்த்தார்.

"பதினோரு குதிரை கூடுதலா இருக்கே. எங்கிருந்து வந்தது?"

"என்ஜினச் சுத்தம் பண்ணினோம் சார்."

"என் வீட்டை தினமும் சுத்தம் பண்றாங்க. ஒரு கோழி கூட கூடலையே." குமாஸ்தா சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. "இங்க பாருங்க. குறைஞ்சா அது அலட்சியம். கூடினா உள்நோக்கம். புத்தகத்துல என்ன இருக்கோ அது இருக்கணும். நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு."

இருபத்துநான்கு நாள் குதிரை ஏற்றினவனிடம் ஒரே ராத்திரியில் பதினொன்றை இறக்கு என்றால் என்ன செய்வான்? மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு அந்தக் கையை எடுத்து மாமாவின் சட்டைப்பையைக் காட்டினான். அதில் கண்ணாடி துடைக்கிற சின்னத் துணிகள் துருத்திக்கொண்டிருந்தன. கண்ணாடி வாங்குகிறவர்களுக்கு இனாமாகக் கொடுப்பது.

"என்ஜினுக்குக் காத்துப் போற குழாயில இதத் திணிச்சுப் பார்க்கலாம் மாமா. மூச்சு முட்டினா தானா அடங்கும்."

மறுநாள் காலையிலிருந்து உருளைமேல் இதே வேலை. ஐந்து துணி திணித்தால் நூற்று இருபத்தொன்று. ஆறு திணித்தால் நூற்றுப் பத்தொன்பது. கடைசியில் ஒரு துணியைப் பாதியாகக் கிழித்து, ஐந்தரைத் துணி வைத்தோம். வண்டி விக்கி விக்கி ஓடியது. முள் அசையாமல் நூற்று இருபதில் நின்றது.

"இதத்தானே முதல்லயே கேட்டோம்" என்றார் அதிகாரி கனிவாக. துணி வெளியே வராதபடி குழாய்க்கு ஈயமுத்திரை வைத்தார்கள். கார் பிழைத்தது. திரும்பி வரும்போது பாலத்து ஏற்றத்தில் கண்ணாடிக்கடைக்காரர் என்னை இறங்கித் தள்ளச் சொன்னார்.

கதை இத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதிகாரி குறிப்பு எழுதத் தெரிந்தவர். 'ஐந்தரைத் துணி முறையால் வாகனத் திறனைப் புத்தகத்துடன் ஒத்துப்போகச் செய்தல்' என்று மேலே எழுதிப்போட்டார். மேலிடம் மெச்சியது. மூன்று மாதத்தில் உத்தரவு வந்தது: எல்லா வாகனங்களிலும் அங்கீகரிக்கப்பட்ட ஐந்தரைத் துணி இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட துணி அனுபவமுள்ள ஒருவரிடமிருந்தே பெறப்பட வேண்டும். அந்தத் துறையில் அனுபவமுள்ளவர் ஊரில் ஒருவர்தான் இருந்தார்.

நானும் என் மொபெட்டுக்கு வாங்கப் போனேன். அதன் குழாயில் ஒரு துணிதான் நுழையும். மீதி நாலரையைக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிடலாம் என்று துணை உத்தரவு இருந்தது. கடைக்கு வெளியே வரிசை தெருமுனை வரை நின்றது. வாசலில் சிவப்புக் கார். அதன் முன்கண்ணாடியில் 'வழங்குநர் வாகனம் – சோதனைக்கு உட்படாது' என்று ஒரு சீட்டு. குழாயில் முத்திரையும் இல்லை, துணியும் இல்லை. மச்சினன் பக்கத்தில் நின்று பளபளவென்று துடைத்துக்கொண்டிருந்தான்.

உள்ளே ஒருவர் கெஞ்சிக்கொண்டிருந்தார். "என் வண்டி ஏற்கெனவே ஏத்தத்துல திணறுதுங்க. இதுல துணிய வேற அடைச்சா எப்படி?"

கண்ணாடிக்கடைக்காரர் தலை நிமிராமல் சொன்னார்: "குறைஞ்சா அலட்சியம். கூடினா உள்நோக்கம். அடுத்த ஆள் வாங்க."

அப்புறம் என்னைப் பார்த்துவிட்டார். "அண்ணே, நீங்க ஏன் வரிசையில நிக்கிறீங்க? பக்கக் கதவால வாங்க." போனேன். வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள். பாவம், அவர்களுக்குத் தெரிந்த ஆள் யாரும் இல்லை.

துணி வைத்த மொபெட் பாலத்து ஏற்றத்தில் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளினேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் ஊரே தள்ளிக்கொண்டிருந்தது. அப்போது நூற்று முப்பத்தொரு குதிரையும் ஒன்றாகக் கனைத்துக்கொண்டு சிவப்புக் கார் எங்களைத் தாண்டிப் போனது. தாண்டும்போது என்னைப் பார்த்து மட்டும் ஒருதரம் ஹார்ன் அடித்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. அத்தனை பேர் தள்ளுகிற இடத்தில், எத்தனை பேருக்கு அப்படி அடிப்பார்?