முதுகுப் பக்கம் நடந்த ஆட்டம்

ஆட்டம் தொடங்கிய நான்காவது நிமிடத்திலேயே ஃபிராங்க்ளின் எழுந்து நின்றுவிட்டான்.

இஞ்ஞாசிக்குப் பகீரென்றது. மரியன்பட்டினத்து மைதானத்தில் வெளியூர் ஆட்களுக்கென்று ஒதுக்கிய சிமெண்ட் படிகளில் சங்குத்துறைக்காரர்கள் முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டம் முடியும்வரை அந்த முப்பத்தெட்டுப் பேரும் உட்கார்ந்தேதான் இருக்க வேண்டும். அதற்குப் பொறுப்பு இஞ்ஞாசி.

விதி அப்படி. சங்குத்துறை கால்பந்து அணியின் மேனேஜர் முத்துச்செல்வம் பஸ்ஸில் வரும்போதே எல்லாருக்கும் விளக்கிவிட்டார். போன வருடம் ஏதோ ஒரு வெளியூர்க் கூட்டம் இங்கே எழுந்து ஆடியிருக்கிறது. ஆடிய வேகத்தில் மைதானத்துக்குள் இறங்கி கோல் கம்பத்தையும் பிடுங்கியிருக்கிறது. அதனால் இந்த வருடம் வெளியூர் ரசிகர்கள் உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். நின்றால் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை விழுந்தால் ஆட்டத்தை உள்ளூருக்கே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கூட்டத்தை அடக்க ஒரே ஒருவர் மட்டும் நிற்கலாம். அவரும் கூட்டத்தைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும், அதாவது முதுகை மைதானத்துக்குக் காட்டி.

"இதுக்கு உங்கள விட்டா வேற ஆள் கெடையாது அண்ணாச்சி," என்று சொல்லி முத்துச்செல்வம் அவர் கையில் ஒரு பச்சைத் துணியையும் கட்டிவிட்டார்.

இஞ்ஞாசியும் அதை ஒப்புக்கொண்டார். தூத்துக்குடித் துறைமுகத்தில் இருபத்தாறு வருடமாக டாலி கிளார்க் அவர். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணுவதும், நான்கு கோடு போட்டு ஐந்தாவது கோட்டைக் குறுக்கே இழுப்பதும்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பைபிள் வாசகம் வாசிப்பவரும் அவர்தான். ஒழுங்கு என்று வந்துவிட்டால் சங்குத்துறையில் அவரைத் தாண்டி ஒருவரும் இல்லை.

ஆனால் சங்கடம் ஒன்று இருந்தது. சங்குத்துறையின் கோல்கீப்பர் அவருடைய மகன் பெர்சி. ஐஸ் பாக்டரியில் பனிக்கட்டி இழுத்துக்கொண்டிருக்கும் அவனைப் பார்ப்பதற்காகவே சென்னையிலிருந்து ஒருவர் இன்று வந்திருக்கிறார். ஒரு கம்பெனி அணிக்கு ஆள் எடுக்கிறவர். அவருக்குப் பிடித்துவிட்டால் பெர்சிக்கு வேலை, சம்பளம், பி.எஃப். எல்லாம் உண்டு. ஆட்டம் பாதியில் கெட்டுப்போனால் திரும்பவும் ஐஸ் பாக்டரிதான்.

பெர்சி ஆடிய எந்த ஆட்டத்தையும் இஞ்ஞாசி இதுவரை விட்டதில்லை, எதையும் உட்கார்ந்து பார்த்ததும் இல்லை. கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு தொண்டை கிழியச் சொல்லிக்கொடுப்பார். போன ஆட்டத்தில் 'எடது, எடது' என்று கத்தினார். பெர்சி இடது பக்கம் பாய்ந்தான். பந்து வலது பக்கமாகப் போனது. அது பந்து செய்த தப்பு. இன்றைக்கு இந்தப் பெரிய ஆட்டத்தில் அப்பன் குரல் இல்லாமல் பிள்ளை என்ன செய்யப் போகிறானோ என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஃபிராங்க்ளின் எழுந்தான்.

"ஏலே, உக்காருல."

"மூலம் மாமா. சிமெண்டு சுடுது."

போட் எஞ்சின் பழுது பார்க்கும் முப்பது வயதுக்காரன், மூலம் என்று சபையில் சொன்ன பிறகு அதைச் சோதித்தா பார்க்க முடியும்? இஞ்ஞாசி தன் தோளில் கிடந்த துண்டை நான்காக மடித்துக் கொடுத்தார். ஃபிராங்க்ளின் அதன் மேல் உட்கார்ந்தான். விசில் சத்தம் கேட்டது. என்னவென்று பார்க்க இஞ்ஞாசி மெதுவாகத் தலையைத் திருப்பியதும், இரண்டாம் படியில் ஏழு பேர் ஒன்றாக எழுந்தார்கள். அவர்களுக்கும் மூலமாம்.

ஏழு பேருக்குத் துண்டுக்கு எங்கே போவது? மைதானத்தை ஒட்டிய வலைக்கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெரிய தார்ப்பாயை வாங்கி வரச் செய்தார். படி முழுக்க விரித்துவிட்டால் யாருக்கும் சுடாது. நல்ல யோசனைதான். விரிப்பதற்காக முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து ஓரமாக ஒதுங்க வேண்டியிருக்கும் என்பது மட்டும் அவருக்கு முதலில் தோன்றவில்லை. சட்டைப்பை நோட்டை எடுத்து, குறுக்குக் கோடு போட்ட ஐந்துகள் ஏழும் தனிக்கோடு மூன்றுமாகக் குறித்துக்கொண்டார். பழக்கம்.

தார்ப்பாயைப் பார்த்துவிட்டு மரியன்பட்டினத்துக் கமிட்டிச் செயலாளர் அந்தப் பக்கமாக வந்தார். மழை வரப்போகிறதா என்று விசாரித்தார். இஞ்ஞாசி நடந்ததைச் சொல்லி, இதோ ஒரு நிமிடத்தில் எல்லாரும் உட்கார்ந்துவிடுவார்கள் என்று கைகூப்பினார்.

"நிக்கட்டும், இருக்கட்டும், அதுல எங்களுக்கு என்ன அண்ணாச்சி," என்று சொல்லிச் சிரித்துவிட்டுச் செயலாளர் போய்விட்டார்.

இஞ்ஞாசிக்கு வேர்த்துவிட்டது. பெரிய இடத்து ஆட்கள் எச்சரிக்கையை இப்படிச் சிரித்துக்கொண்டேதான் கொடுப்பார்கள் என்பதைத் துறைமுகத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார். ஆக, ஒன்று விழுந்துவிட்டது.

பதினைந்தாவது நிமிடத்தில் ஜெபசெல்வி எழுந்தாள். தார்ப்பாயில் கருவாட்டு நாற்றம் அடிக்கிறது, உட்கார முடியவில்லை என்றாள். சங்குத்துறையில் இருபது வருடமாகக் கருவாட்டுக் கடை வைத்திருப்பவள் அவள். இஞ்ஞாசி அதை மிகுந்த மரியாதையோடு நினைவுபடுத்தினார்.

"அது யாவார நாத்தம் அண்ணாச்சி. இது வேற," என்றாள் ஜெபசெல்வி.

அவளை மேல்படிக்கு மாற்றிப் பார்த்தார். வழிவிட ஆறு பேர் எழுந்தார்கள். மேல்படியில் வெயில் முகத்தில் அடிக்கிறது என்று கீழே வந்தாள். அதற்கு ஆறு பேர். ஓரமாக உட்காரச் சொன்னால் கோயில் தூண் மறைக்கிறது என்றாள். கோயில் கால் கிலோமீட்டர் தள்ளியிருந்தது. பத்து நிமிடம் அவரை அப்படியும் இப்படியும் அலைக்கழித்துவிட்டு, தானாகவே சலித்துப்போனவள்போலப் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். இஞ்ஞாசி மூச்சு விடுவதற்குள் அடுத்த படியில் ஸ்டெபி எழுந்தாள். காலில் மதமதப்பாம். தராசுத் தட்டுபோல ஒன்றை அமுக்கினால் ஒன்று எழும்பிக்கொண்டே இருந்தது.

முதல் பாதி முடிந்தது. சங்குத்துறை ஒரு கோல் போட்டிருந்தது. பெர்சி மூன்று பந்தைப் பிடித்திருந்தான். இஞ்ஞாசி மூன்றில் ஒன்றையும் பார்க்கவில்லை. இடைவேளையில்தான் திரும்பி நின்று மைதானத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் மரியன்பட்டினத்துக்காரர்கள் நானூறு பேர் நின்றுகொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தார்கள். அவர்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. உலகத்தில் எந்தச் சட்டத்தையும் வெளியூர்க்காரனுக்கென்றுதான் எழுதுகிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

முத்துச்செல்வத்திடம் போய், பின்பாதிக்கு வேறு யாரையாவது நிறுத்துங்கள், நான் பிள்ளையைக் கொஞ்சம் பார்க்கிறேன் என்று கேட்டார். முத்துச்செல்வம் தரையைப் பார்த்துக்கொண்டு, பெயரை எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்றார்.

பின்பாதியில் நிலைமை முற்றியது. யாருக்கோ தலைசுற்றல், யாருக்கோ கொலுசு தொலைந்துவிட்டது. தேட எட்டுப் பேர் எழுந்தார்கள். அப்போதுதான் இஞ்ஞாசிக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஜனம் யார் சொல்லுக்கும் அடங்காது, கோயிலுக்கு மட்டும்தான் அடங்கும். கோயிலில் எப்போது உட்கார வேண்டும் என்று இவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. செபமாலை தொடங்கிவிட்டால் அரைமணி நேரம் ஒருவரும் அசைய மாட்டார்கள். அணி ஜெயிக்கவும் ஆயிற்று, ஆட்கள் உட்காரவும் ஆயிற்று.

சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, வாசகம் வாசிக்கும் அதே குரலில் செபமாலையின் முதல் செபமான விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கினார்.

பூசையில் விசுவாசப் பிரமாணத்துக்கு எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பிறந்ததிலிருந்து ஊறிய வழக்கம். முதல் வரி முடிவதற்குள் முப்பத்தேழு பேர் எழுந்து கைகூப்பிவிட்டார்கள். முப்பத்தெட்டாவது ஆள் தூங்கிக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்தவர்கள் அவரையும் உலுப்பி எழுப்பி நிறுத்தினார்கள். பாதியில் நிறுத்துவது பாவம் என்பதால் இஞ்ஞாசி கடைசி வரி வரைக்கும் சொல்லி முடித்தார். நோட்டில் இன்னொரு முப்பத்தெட்டைக் குறித்தார். கோட்டோரத்தில் நின்ற செயலாளர், என்ன விசேஷம் என்று தெரியாமலே தானும் கைகூப்பிக் குனிந்துவிட்டுப் போனார். இது இரண்டாவது எச்சரிக்கை என்பதில் இஞ்ஞாசிக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் ஒன்றுதான் பாக்கி. ஆட்டத்தில் பத்து நிமிடமோ என்னவோ இருந்தது. ஒரு படியை அதட்டி, ஒரு படியைக் கெஞ்சி, எல்லாரையும் உட்கார வைத்து நிமிர்ந்தபோது மணி ஆறு. மரியன்பட்டினத்துக் கோயில் மணி மும்மூன்றாக அடிக்கத் தொடங்கியது. திரிகால செபம். எங்கிருந்தாலும் எழுந்து நின்று சொல்ல வேண்டியது.

நானூறு பேரின் இரைச்சல் அப்படியே அடங்கியது. ரெஃபரி வாயிலிருந்து விசிலை எடுத்துவிட்டுச் சிலுவை போட்டார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். மைதான ஓரத்துப் பெஞ்சில் இருந்த மரியன்பட்டினத்துப் பங்குச் சாமியாரும் அவர் பக்கத்தில் இருந்த சென்னைக்காரரும் எழுந்தார்கள். சங்குத்துறை ஆட்கள் மட்டும் எழாமல் இருப்பார்களா?

"உக்காருங்க, கும்புடுதேன், உக்காந்துக்கிட்டே செபம் சொல்லுங்க," என்று இஞ்ஞாசி கிசுகிசுத்தார். ஒருவரும் கேட்கவில்லை. வேறு வழி தெரியாமல், தான் உட்கார்ந்து காட்டினால் நான்கு பேராவது உட்காருவார்கள் என்று நம்பி, மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மணி நின்றது. மரியன்பட்டினம் மைதானத்தில் தேவதாய்க்கு எழுந்து நிற்காமல் உட்கார்ந்திருந்த ஒரே மனிதர், ஞாயிற்றுக்கிழமைதோறும் வாசகம் வாசிக்கும் இஞ்ஞாசி. பங்குச் சாமியார் அவரைப் பார்த்த பார்வையை அவர் சாகும்வரைக்கும் மறக்க மாட்டார். ஆனால் மூன்றாவது எச்சரிக்கை விழவில்லை. செயலாளரும் நின்றாரே, எந்த முகத்தோடு எச்சரிக்கை கொடுப்பார் என்று மண்ணைத் தட்டிக்கொண்டே எழுந்தார்.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது நீண்ட விசில் ஒன்று கேட்டது. மரியன்பட்டினத்துப் பக்கத்து ஆரவாரம் வானத்தைப் பிளந்தது. சங்குத்துறை முகங்கள் எல்லாம் வெளிறிப்போயின. அந்த முகங்களைப் பார்த்தே இஞ்ஞாசிக்குப் புரிந்துவிட்டது. பெனால்டி.

அவருக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. பெற்ற பிள்ளை அங்கே தனியாக நிற்கிறான். ஒரே ஒரு தடவை திரும்பினால் போதும், ஒரே ஒரு வார்த்தை கத்தினால் போதும். விதியாவது ஒன்றாவது என்று அவர் உடம்பு பாதி திரும்பிவிட்டது. அந்தக் கணத்தில் முப்பத்தெட்டுப் பேரும் ஒரே ஆளாக எழுந்து நின்றார்கள்.

மூன்றாவது எச்சரிக்கை. பெர்சியின் வேலை. இஞ்ஞாசி பாதி திரும்பிய உடம்பை அப்படியே மடக்கி, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கூட்டத்தின் மேல் பாய்ந்தார். முதுகுக்குப் பின்னால் பந்தை உதைக்கும் சத்தம் கேட்டது. அடுத்து, ஈரக்கையால் சுவரில் அறைந்ததுபோல இன்னொரு சத்தம். மூலக்காரன் ஃபிராங்க்ளின் மூன்று படியைத் தாண்டிக் குதித்து அவரைக் கட்டிப்பிடித்தான்.

"புடிச்சிட்டான் மாமா."

இஞ்ஞாசி அழுதுவிட்டார். பிடித்ததற்குப் பாதி, பார்க்காததற்குப் பாதி.

சென்னைக்காரர் பெர்சியின் கையைக் குலுக்கி, அடுத்த மாதம் சான்றிதழ்களோடு வந்து சேரச் சொன்னார். பஸ் திருச்செந்தூரைத் தாண்டும்வரை பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. அதன்பிறகு இஞ்ஞாசி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு, நோட்டை விரித்தார். மொத்தம் இருநூற்று முப்பத்தொரு தடவை எழுந்திருக்கிறார்கள். இதற்காக மரியன்பட்டினத்துக் கமிட்டிக்கு மன்னிப்புக் கடிதம் ஒன்றைத் தாமே எழுதப்போவதாகச் சொன்னார். முத்துச்செல்வம் இருமினார். முன்சீட்டில் இருந்த பெர்சி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நான் மட்டும் இன்னைக்கு ஒங்கள அடக்கி வைக்கலன்னா இவனுக்கு இந்த வேல கெடச்சிருக்குமா? ஒருத்தருக்காவது பொறுப்பு இருந்துதா?" என்று பொதுவாகக் கேட்டார் இஞ்ஞாசி.

பின்சீட்டில் இருந்த ஜெபசெல்விக்கு அது பொறுக்கவில்லை.

"பொறுப்பில்லன்னு மட்டும் சொல்லாதிய அண்ணாச்சி. நீங்க பாத்தா பெர்சிக்குக் கை நடுங்குமாம்லா, அவன் எழுதித் தந்த சீட்டுல எனக்குப் பதினஞ்சாவது நிமிஷத்துலருந்து இருவத்தஞ்சு வரைக்கும் முறை. ஒரு தடவையாவது உங்களத் திரும்ப விட்டனா?"