ஏரியில் கிடைத்த ராணி கலர்

புதுத்துணி போட்டுக்கொண்டு போகிற இடத்தில் யாருக்குமே புத்தி சரியாக வேலை செய்யாது. எனக்குப் பழைய துணியிலேயே சுமாராகத்தான் செய்யும்.

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில், எங்கள் பெங்களூரிலேயே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குப் பயிற்சி கிடைத்தது. வீட்டில் முதல்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள், லேப் என்றால் பூட்டிய கதவை மட்டுமே பார்த்தவர்கள், இவர்களுக்கென்றே நடத்துகிற கோடைப் பயிற்சி அது. அப்பா ஒரு நிபந்தனை போட்டார்.

"கடைசி நாள் நானே வந்து பாக்குறேன். அவங்க உன்ன மறுபடி கூப்ட்டா எம்.எஸ்சி. படி. இல்லன்னா டிகிரியோட சரி, கால் சென்டர்ல சேந்துடு."

அப்பா சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக் கடையில் சேல்ஸ்மேன். எந்தத் துணி விற்காமல் தங்குகிறதோ அது முழு ரோலாக எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். குடும்பம் மொத்தத்துக்கும் அதில்தான் தைப்பார்கள். (எங்கள் பண்டிகை போட்டோக்களைப் பார்த்தால் பேண்டு வாத்தியக்காரர்கள் என்று நினைப்பீர்கள்.) அந்த வருஷம் வந்தது கண்ணைப் பறிக்கும் ரோஸ், அதாவது ராணி கலர் பாலியஸ்டர். எனக்கு மட்டும் இரண்டு சுடிதார். "பெரிய எடம், பளிச்சுனு போ" என்றார் அம்மா.

என் வேலை எளிது. ஏரித் தண்ணீரை வடிகட்டி, வடிதாளில் தங்கும் பிளாஸ்டிக் இழைகளை மைக்ராஸ்கோப்பில் தேட வேண்டும். எனக்கு வழிகாட்டி சவிதா மேடம், கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். இரண்டே விஷயம் சொல்லிவிட்டு வெளியூர் போனார். ஒன்று, வெள்ளைக் கோட்டின் பட்டன்களை எல்லாம் போட வேண்டும். இரண்டு, தினமும் சுத்தமான தண்ணீரையும் ஒருமுறை வடிகட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பெயர் பிளாங்க்.

பட்டனைப் போட்டால் புதுச் சுடிதாரை யார் பார்ப்பது? (லேபில் இருந்தது நானும் ஒரு ஃபிரிட்ஜும்தான்.) கோட்டைத் திறந்துவிட்டு, துப்பட்டாவை வடிகட்டிக்கு மேலே ஆடவிட்டு, ஒய்யாரமாக வேலை செய்தேன். பிளாங்க்? எங்கள் வீட்டில் கேன் தண்ணீர் ஒரு டம்ளர் சிந்தினாலே அம்மா தாண்டவம் ஆடிவிடுவார். நல்ல தண்ணீரை ஊற்றி அதில் அழுக்கைத் தேடுவதா? பணக்காரர்களின் சடங்கு என்று விட்டுவிட்டேன்.

முதல் வாரமே அதிசயம். ஏரித் தண்ணீரில் ராணி கலர் இழை! வேறொரு ஏரியிலும் அதே. எந்த ஏரியைத் தொட்டாலும் அதே. எனக்குத் தூக்கமே போய்விட்டது. ஏதோ ஒரு சாயப்பட்டறை நகரத்து ஏரிகளையெல்லாம் நாசம் செய்கிறது, அதைப் பிடிக்கப்போவது நான்! டிவி பேட்டியில் தலையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பது வரை கண்ணாடி முன்னால் பழகிப் பார்த்தேன்.

கண்டுபிடித்ததை எல்லோர் முன்னாலும் படம் போட்டுச் சொல்ல வேண்டிய கடைசி நாள் வந்தது. விஞ்ஞானி மாதிரி தெரியவேண்டும் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் வெள்ளைக் காட்டன் புடவை கடன் வாங்கிக் கட்டியிருந்தேன். முன்வரிசையில் சவிதா மேடம். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவர் நிறைய ராணி கலர் இழை. "இந்தக் குற்றவாளியைக் கண்டுபிடித்தே தீரவேண்டும்!" என்று மேசையைத் தட்டினேன்.

கதவு திறந்தது. டிராஃபிக்கில் மாட்டிய என் குடும்பம் அப்போதுதான் வந்து சேர்ந்தது. அப்பாவுக்கு ராணி கலர் சட்டை. அம்மாவுக்கு ராணி கலர் ரவிக்கை. தங்கைக்கு ராணி கலர் பாவாடை. மிச்சத் துணியில் தைத்த பை அம்மாவின் தோளில்.

அம்மா சுவரைப் பார்த்தார். பெருமை தாங்கவில்லை.

"ஏங்க, நம்ம துணிங்க! எவ்ளோ பெருசா போட்டுக்கிறாங்க பாருங்க!"

அரங்கமே குலுங்கிச் சிரித்தது. சவிதா மேடம் சுவரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பிளாங்க் எல்லி? எங்க அது?"

"பண்ணல மேடம்." பண்ணியிருந்தால் சுத்தமான தண்ணீரிலும் என் துப்பட்டா இழைதான் தெரிந்திருக்கும்.

"அவங்க யாரு?"

தெரியாது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. "எங்க அப்பா, அம்மா, தங்கச்சி" என்றேன். அதற்குமேல் அழுகை வந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் அப்பா நேராக மேடத்திடம் போனார். என் எம்.எஸ்சி. அவ்வளவுதான் என்று நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"மேடம், துணி நல்ல துணிதான். சாயம் போவாது. நூல்தான் கொஞ்சம் உதிரும்."

மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "டிசம்பர்ல உங்க பொண்ண அனுப்புங்க. எல்லாத்தையும் முதல்லேருந்து செய்யணும். காட்டன் போட்டு அனுப்புங்க" என்றார்.

திரும்பி வர ஆட்டோ பிடித்தோம். அப்பாதான் ஆரம்பித்தார்.

"எங்க கடையில ஒரு மீட்டர் தப்பா கிழிச்சா அன்னிக்கே வெளிய. இங்க இவ்ளோ கெடுத்து வெச்சும் மறுபடி வான்றாங்க. நல்ல எடம்மா. விட்டுடாத."

விடவில்லை. எம்.எஸ்சி. முடித்து, இன்றும் அதே ஏரிகளின் தண்ணீரைத்தான் வடிகட்டிக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் யார் புதுத்துணி எடுத்தாலும் முதல் கேள்வி, "இது எந்த ஏரிக்கு?" என்பதுதான். போன மாதம் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களிடம்கூட அப்பா முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்து ஓய்ந்ததும், அப்பா மாப்பிள்ளையின் தந்தை பக்கம் சாய்ந்து சொன்னார்:

"ஆனா ஒண்ணுங்க, துணி நல்ல துணி."